எண்ணிக்கை பிள்ளைகள் கையில்

எங்கள் அப்பா பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவர். அம்மாவின் தம்பி அதே கழகத்தில் கண்டக்டர். 1980-களின் மதுரையில், ஒரே கொடியில் இரண்டு காக்கிச் சட்டை காய்கிற வீடு எங்களுடையது. பிள்ளைகளான எங்களுக்கு அதில் பெருமை தாளாது. டியூட்டி முடிந்து வந்தால் அப்பா திண்ணையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார். மாமா பையை ஆணியில் மாட்டின கையோடு எங்களில் ஒருவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். அப்பாவுக்குப் பாசம் குறைவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில், கிளட்சை மிதித்தபடி, உட்கார்ந்த இடத்திலேயே பகலைக் கழித்த உடம்பு அவருடையது. இடுப்பு பிடித்துக்கொள்ளும். "தூக்குங்கப்பா" என்றால், "மாமாகிட்ட போ தாயி" என்பார்.

ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் ஆய்வைப் பற்றி வளர்ந்த பிறகு படித்தபோது, எங்கள் திண்ணைதான் கண் முன்னால் வந்தது. லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-ல் லான்செட் இதழில் அவர் எழுதினார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஓடுவது ஒரே பஸ், சுவாசிப்பது ஒரே புகை. ஒருவர் உட்கார்ந்தே இருந்தார், மற்றவர் நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கினார். வேலைக்குச் சேரும்போதே டிரைவர்களின் சீருடை இடுப்பளவு பெரிதாக இருந்ததையும் சில ஆண்டுகள் கழித்து அவரே எடுத்துச் சொன்னார். ஆகவே எல்லாப் பழியையும் இருக்கையின் மேல் போட்டுவிட முடியாது. என்றாலும், உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் முறையாகத் தேடத் தொடங்கியது அந்த பஸ்களிலிருந்துதான். எங்கள் மதுரை பஸ்ஸில் மாடி கிடையாது. ஆனாலும் பெரியார் நிலையத்துக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே, நெரிசலுக்குள் புகுந்து புறப்பட்டு டிக்கெட் கிழித்த மாமாவின் கால்கள் லேசில் ஓய்ந்ததில்லை.

அம்மாவின் கதை வேறு. ஆட்டுக்கல், அம்மி, துவைகல், தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடம். குந்தி உட்கார்ந்துதான் வாசல் தெளித்தாள், கோலம் போட்டாள், மீன் ஆய்ந்தாள். அந்தக் காலத்துப் பெண்கள் மாவாட்டியே ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. காய்ச்சல் அடித்தாலும் குடம் தூக்கியாக வேண்டும், நாலு பேர் விருந்துக்கு வந்தால் இன்னும் இரண்டு படி ஆட்டியாக வேண்டும். உடம்பு போதும் என்று சொல்லும்போது நிறுத்த அதில் வழியே இல்லை. பயிற்சியில் கூட்டுவதும் குறைப்பதும் நம் கையில், ஓய்வும் அதில் ஒரு பகுதி. அம்மாவின் முட்டி ஐம்பது வயதிலேயே தேய்ந்துவிட்டது. ராத்திரி எங்களைப் பக்கத்தில் போட்டுக் கதை சொல்ல ஆரம்பிப்பாள், இரண்டாவது வரியில் அவளே தூங்கிவிடுவாள்.

பள்ளிக்கூடத்திலோ உடம்பை வளைப்பது தண்டனையாகத்தான் வந்தது. வாய்ப்பாடு தப்பினால் தோப்புக்கரணம். தாமதமாக வந்தால் மைதானத்தை மூன்று சுற்று. பையன்களுக்கு முட்டி போடுதல். கோயிலில் பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்து ஆசையாக எங்கள் ஆச்சி போட்ட அதே தோப்புக்கரணம், வகுப்பறைக்குள் வந்தால் அவமானமாகிவிடும். தலையைக் குனிந்து, பாவாடையைச் சேர்த்துப் பிடித்து, சிரிக்கிற தோழிகளைப் பார்க்காமல் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். தொடை வலிப்பதைவிட அந்த எண்ணிக்கைதான் வலிக்கும். பிடி பீரியடில் பையன்கள் ஓடினார்கள், நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். வயசுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சுக்கும் இடமில்லை. அந்த மணிநேரத்தில் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தோம். என் வயதுப் பெண்களில் பெரும்பாலோர் தங்கள் உடம்பின் பலம் எவ்வளவு என்று ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காமலே தாயானார்கள்.

இப்போது நான் கூட்டுறவு வங்கி ஒன்றில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் கிரைண்டர், வாஷிங் மெஷின், நான்காவது மாடிக்கு லிஃப்ட். அம்மாவின் பாரம் என் மேல் இறங்கவில்லை என்பதில் எனக்கு முழு நிம்மதி, அதைத் திரும்பக் கேட்க மாட்டேன். ஆனால் முப்பது வயதுக்கு மேல், வேலை கொடுக்காத தசை மெல்ல மெல்லக் கரைகிறது. சின்னவன் பிறந்த பிறகு, தரையில் உட்கார்ந்து அவனோடு விளையாடிவிட்டு எழும்போது கை தானாக நாற்காலியைத் தேடியது. பேருந்து இருக்கை அப்பாவுக்குச் செய்ததை வங்கி இருக்கை எனக்குச் செய்துகொண்டிருந்தது.

ஜிம்முக்குப் போக நேரமும் இல்லை, மனமும் இல்லை. சுவரில் ஆரம்பித்தேன். சுவரில் கை ஊன்றி நின்றபடி மார்பை முன்னால் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுவது. அது எளிதானதும் சமையல் மேடை, அதன் பிறகு கட்டில் விளிம்பு, கடைசியில் தரை. கை ஊன்றும் இடம் தாழத் தாழ, கைகள் தாங்கும் எடை கூடும். முழுத் தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளுக்கு வந்துவிடும். வெறும் உடம்பை வைத்துச் செய்யும் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காசு கொடுத்து எடைக்கட்டை வாங்க வேண்டாம், கோணத்தை மாற்றினால் போதும். தண்டாலோடு பஸ்கி. நம் ஊர்ப் பயில்வான்கள் காலங்காலமாகப் போட்ட இரண்டும் இவைதான். கூடவே முழங்கை ஊன்றிப் பலகைபோல் நிற்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வண்டியூர்த் தெப்பக்குளம் போய்ச் சுற்றி நடப்போம். அன்று என் கணவரும் சேர்ந்துகொள்வார், தண்டாலுக்குக் குளத்தின் கைப்பிடிச் சுவர்.

வங்கியிலிருந்து வந்ததும், சேலையை மாற்றிவிட்டு, காபிக்கு முன்னால் பத்துப் பதினைந்து நிமிடம். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழையும் தாயிடம் பகல் முழுக்க விழுங்கிய கோபம் மிச்சமிருக்கும். கணக்கு டேலி ஆகாத எரிச்சல், மேலதிகாரியின் ஒரு சொல், கவுண்டரில் கேட்ட ஏச்சு எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். வீட்டுப்பாட நோட்டைத் திறந்தவுடன் அது பிள்ளையின் மேல்தான் விழும். மூச்சு வாங்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்து மெல்ல அடங்கிய பிறகு அதே நோட்டைத் திறந்தால், தப்பாகப் போட்ட வகுத்தல் தப்பான வகுத்தலாக மட்டும் தெரிகிறது.

கோபம் தணிவதைப் பலரும் சொல்லிவிட்டார்கள். நான் அழுத்திச் சொல்ல வந்தது வேறு ஒன்று. எண்ணிக்கை என் பிள்ளைகள் கைக்குப் போனதுதான் எங்கள் வீட்டை மாற்றியது.

பெரியவளுக்கு அப்போது எட்டு வயது. தண்டால் எடுக்கும்போது நான் மார்பை முழுதாக இறக்குகிறேனா என்று பார்க்க, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்வாள். டைல்ஸின் குளிர்ச்சியில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அளப்பாள். பாதியில் நின்று மேலே வந்துவிட்டால், "இது செல்லாதும்மா" என்பாள். கறாரான குரல், கேலி துளியும் இருக்காது. என் இடுப்பு தொய்ந்தால் சின்னவன் கீழே கையை விட்டு, "பாலம் விழுதும்மா" என்று கத்துவான். சரியாக ஒன்று இறங்கி ஏறினால்தான் பெரியவளிடமிருந்து அடுத்த எண் வரும். நான் படித்த பள்ளிக்கூடத்தில் வலித்த எண்ணிக்கை, இவள் வாயிலிருந்து வரும்போது எனக்கு அவ்வளவு இனித்தது.

தரையில் முதல் முழுத் தண்டால் எடுக்க எனக்கு மாதக்கணக்கில் ஆனது. அந்த மாதங்கள் முழுக்க அவள் கண் முன்னால்தான் நான் தோற்றுக்கொண்டிருந்தேன். கை நடுங்கும், பாதியில் மார்பு தரையில் படிந்துவிடும். அவள் ஒருநாளும் "இவ்வளவு நாளா செய்யுற, இன்னும் வரலியா" என்று கேட்டதில்லை. "நேத்தைக்கு இன்னும் மேல வந்தியேம்மா, இன்னைக்குத் தூக்கம் பத்தலையா?" என்றுதான் கேட்டாள். ஒரு பிள்ளை கற்கும்போது அதனிடம் பெரியவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. என் தலைமுறையில் எங்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நேற்று வந்தது இன்று வராமல் போகலாம், அது சோம்பலோ திமிரோ அல்ல என்பதை என் மணிக்கட்டும் தோளும் தினமும் எனக்கு உணர்த்திக்கொண்டே இருந்தன. அவள் வகுத்தலில் தடுமாறியபோது என் வாயிலிருந்து அவள் கேள்வியே வந்தது: "நேத்து வந்துச்சே கண்ணு, எந்த இடத்துல சிக்குது?"

நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெரியவர்கள் எதையாவது புதிதாகக் கற்று நாங்கள் பார்த்ததில்லை. அப்பாவுக்கு எல்லா வண்டியும் ஓட்டத் தெரியும், அம்மாவுக்கு எல்லாச் சமையலும் தெரியும். அவர்கள் எப்போதோ கற்று முடித்துவிட்டவர்கள், நாங்கள் இன்னும் தெரியாதவர்கள். அந்த இடைவெளியை அன்பு மட்டும் நிரப்பிவிடவில்லை. தெரியாத ஒன்றைத் தாய் தகப்பன் வீட்டு நடுக்கூடத்தில் தினமும் முயல்வதைப் பிள்ளை பார்க்க வேண்டும். அதற்கு வெறும் உடம்பைவிட எளிய பாடம் கிடையாது. உடம்பிடம் பொய் செல்லாது, முன்னேற்றமும் தடுமாற்றமும் கண்ணுக்குத் தெரியும், எட்டு வயசுக்கும் எண்ணத் தெரியும்.

பிள்ளைகள் பார்த்துத்தான் பழகுகிறார்கள் என்பதற்கு அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. 4 முதல் 7 வயதுவரையுள்ள குழந்தைகளைப் பற்றி 1991-ல் வெளியானது. தாய் சுறுசுறுப்பாக உடலை இயக்குபவராக இருந்தால், பிள்ளையும் அப்படி இருக்கும் வாய்ப்பு 2 மடங்கு. தகப்பன் என்றால் 3.5 மடங்கு. இருவருமே என்றால் 5.8 மடங்கு. இதைப் படித்துக் காட்டிய பிறகுதான் என் கணவர் ஞாயிறோடு புதன்கிழமையையும் சேர்த்துக்கொண்டார். ஒரு ஊரின் கணக்கு எல்லா வீட்டுக்கும் அப்படியே பொருந்தாது என்பதும் உண்மைதான். எங்கள் வீட்டில் சின்னவன் பலகைபோல் நிற்கும் என் முதுகில் குதிரையேறத்தான் வந்தான். இப்போது பக்கத்தில் அவனும் முழங்கை ஊன்றி நிற்கிறான்.

போன வருஷம் அப்பா எங்களோடு வந்து இருந்தார். நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்றுவார், சிலநேரம் இரண்டாவது முயற்சியில்தான் எழ முடியும். வயதானவர்கள் விழுவதற்குத் தொடைத் தசையின் தளர்ச்சி ஒரு பெரிய காரணம். அவருடைய டாக்டர் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழும் பயிற்சியைச் சொல்லியிருந்தார். நான் சொன்னபோது, "எனக்கு எதுக்குத்தா இதெல்லாம்" என்று ஒதுக்கிவிட்டார். பெரியவள் போய் முன்னால் நின்றாள். நாற்காலியில் தலையணை போட்டு உயரம் கூட்டினாள். "தாத்தா, கையைக் கட்டிக்கங்க. மூக்கு முட்டியைத் தாண்டி முன்னால வரணும். இப்ப எந்திரிங்க." அவர் எழுந்தார். "ஒண்ணு" என்றாள். அடுத்ததில் கை தானாகக் கட்டை அவிழ்த்துக் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. "இது செல்லாது தாத்தா."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். வாழ்நாளெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்த கைகளை மறுபடி மார்பில் கட்டிக்கொண்டு, "சரி ஆத்தா, மறுபடி சொல்லு" என்றார். என் அப்பா ஒன்றைக் கற்றுக்கொள்வதை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ஊருக்குப் போகும்போது தலையணை இல்லாமல் எழுந்தார். மாமா கேட்டபோது, "பேத்திதான்யா எனக்கு வாத்தியார்" என்றாராம்.

இதையெல்லாம் வீட்டுக்குள் மட்டும் செய்து நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் இல்லை. 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. பெரியவள் படிக்கும் பள்ளியில் வாரத்தில் இருப்பதே இரண்டு பிடி பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். பெண்பிள்ளைகள் இப்போதும் மைதானத்து ஓரத்தில்தான் நிற்கிறார்கள், இந்தப் பள்ளியில் மரம்கூட இல்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு இன்னும் சில தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு போகிறேன். பிடி பீரியடை வேறு பாடத்துக்குக் கொடுக்காதீர்கள், தோப்புக்கரணத்தைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள், மைதானத்தில் பெண்பிள்ளைகள் உயரத்துக்கு ஒரு பார் கம்பி போடுங்கள். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். கம்பிக்கு ஆகும் செலவைப் பெற்றோர் நாங்களே பகிர்ந்துகொள்வதாகவும் எழுதியிருக்கிறோம், உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பெரியவள் அளந்து கொடுத்திருக்கிறாள்.