மேல்வீட்டு டைனோசர்

“அந்த அடியைக் கேட்டீங்களா சார்?” என்பார். கேட்டேன் என்றால் மறுபடி போடுவார். கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டி மறுபடி போடுவார். ஹோம் தியேட்டர்க்காரர் வீட்டில் விருந்தாளிக்கு உள்ள சுதந்திரம் அவ்வளவுதான்.

போடுவது எப்போதும் ஒரே காட்சி. 1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’. காருக்குள் இருக்கும் டம்ளரில் தண்ணீர் வளையம் வளையமாக ஆடும். தூரத்தில் ‘தும்’ என்று ஒரு காலடி. இன்னொரு ‘தும்’. அங்கே நிறுத்திவிட்டு ரிமோட்டோடு எழுந்து, கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ்தானா என்று பார்க்கப் போய்விடுவார். அந்த வீட்டுக்கு வந்துபோன யாரும் இதுவரை டைனோசரைப் பார்த்ததில்லை.

ரிச்சி தெருவில் வயருக்குப் பேரம் பேசிய கதை, ஆளுயர டவர் ஸ்பீக்கரை வாங்கிவிட்டு ரிசீவரில் ‘ஸ்மால்’ என்று போட மனசு வராமல் தவித்த கதை எல்லாம் காபியோடு முடிந்துவிடும். முடியாதது சப்ஊஃபர் கதை.

சப்பை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. உண்மையிலேயே பலன் தரும் சோதனைதான். நாம் உட்காரும் சோபாவில் சப்பைத் தூக்கி உட்கார வைத்து, பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, நாம் தரையில் தவழ வேண்டும். எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்புக்கு இடம். ஞாயிற்றுக்கிழமை காலை சிலிண்டர் கொண்டுவந்த பையன் பார்த்த காட்சி இது: சோபாவில் கறுப்புப் பெட்டி ஒன்று சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டிவி ஸ்டாண்டுக்கு அடியில் காதைக் கொடுத்தபடி முழங்காலில் நிற்கிறார். “அக்கா, சாருக்கு ஏதாவது விழுந்துடுச்சா?” என்று கேட்டானாம்.

தவழ்ந்து கிடைத்த இடம் வடகிழக்கு மூலை. மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸைத் தூக்கிக் கொடுக்கும் என்பது பௌதிகம். ஈசானிய மூலையில் பாரம் வைக்கக் கூடாது என்பது மாமனார். மாமனார் ஜெயித்தார். கன்னி மூலைக்குக் கொண்டுபோனால் அங்கே ஷோகேஸ். கண்ணாடிக் கதவு கிடுகிடுக்க, உள்ளே தஞ்சாவூர்ப் பொம்மை எல்லாப் படத்துக்கும் ஆமாம் போட்டது. கடைசியில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒண்டியது சப்.

இத்தனைக்கும் பிறகு சோபாவில் உட்கார்ந்தால் பேஸ் இல்லை. ஹால் 14 அடி நீளம். சத்தம் நொடிக்குச் சுமார் 1,130 அடி போகும். கணக்குப் போட்டால் 40 ஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றுவிடும்: சுவரோரம் முழு வீச்சு, நட்டநடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சோபா இருப்பதோ நட்டநடுவில். ஃபேன் அங்கேதானே இருக்கிறது? சென்னையில் ஃபேனை விட்டு விலகி உட்கார்ந்து படம் பார்க்க யாருக்கு முடியும்? சோபாவை மூன்றடி பின்னால் தள்ளினால் தீரும் விஷயம். தள்ள மாட்டார். குமிழைத் திருகுவார். திருகத் திருகச் சுவரோரம்தான் ஏறும். அவர் மனைவி சமையலறைத் தட்டுகளுக்கு இடையே துணி வைத்து அடுக்கப் பழகிவிட்டார்.

மனிதர் தங்கமானவர். எங்கள் டிவியில் வசனம் புரியவில்லை என்று என் அம்மா ஒரு வார்த்தை சொன்னதற்கு, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து செட்டிங்கை மாற்றிச் சரிசெய்து கொடுத்தார். காபிகூடக் குடிக்கவில்லை. அம்மா இன்றும் அவரை வாழ்த்துகிறார். அம்மாவுக்குக் காது மந்தம், வாழ்த்தலாம்.

எனக்கு நன்றாகக் கேட்கிறது. நான் குடியிருப்பது அவருக்கு நேர் கீழ்வீடு. வசனம், பாட்டு, மழை எல்லாவற்றையும் கான்கிரீட் தடுத்துவிடுகிறது. பேஸை மட்டும் கீழே அனுப்பிவிடுகிறது. படம் அவருக்கு, ‘தும்’ எனக்கு. அதுவும் ராத்திரி பதினொரு மணிக்கு.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. மேலே போய்ச் சொன்னேன். உடனே போனும் கையுமாக இறங்கி வந்து என் படுக்கையறையிலேயே அளந்தார். “நாற்பத்திரண்டுதான் சார் காட்டுது.” பொய் இல்லை. விதி கேட்பது ‘ஏ’ அளவுகோலில் டெசிபல். அந்த அளவுகோல் 31.5 ஹெர்ட்ஸில் சுமார் 39 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிடும். இவர் எந்தச் சத்தத்துக்காகக் காசைக் கொட்டினாரோ, அது மீட்டரில் ஏறுவதே அபூர்வம். அளந்து முடித்தவர் போகவில்லை. கட்டிலோரம் நின்று, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. “சார், எங்க ஹால்ல கூட இவ்வளவு கிளீனா வரலை!”

சார், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கிராஸ்ஓவர் உங்கள் இஷ்டம். ஃபேஸ் 0வோ 180வோ, அதுவும் உங்கள் இஷ்டம். அதே பின்பலகையில், நீங்கள் இதுவரை தொட்டிராத பவர் ஸ்விட்ச் ஒன்றும் இருக்கிறது. பத்து மணி ஆனதும் தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள்.