காசு கொடுத்து நனைதல்: தெமோதரை இளைஞரை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

மலையகத்தில் நனையாமல் இருப்பதே ஒரு கலை. இடுப்பில் படங்கும் தலையில் கொங்காணியுமாகக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மழையோடு மல்லுக்கு நின்றவர்கள். அவர்களில் ஒருத்தியின் பேரனோ, தெமோதரையிலிருந்து கொழும்புக்குப் போகிற வழியில் கித்துல்கலையில் வேனை நிறுத்துகிறான். காசு கட்டி, களனி கங்கையில் ரப்பர் படகேறி, உச்சி முதல் உள்ளங்கால் வரை நனைந்து கரையேறி, "சும்மா சொல்லக்கூடாது மச்சான், சூப்பர்" என்கிறான். இந்த முரண்பாட்டை அறிஞர் எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கும்.

2. புவியியல்

தெமோதரையில் தண்ணீருக்குப் பஞ்சமா என்பது முதல் கேள்வி. பதுளு ஓயா பக்கத்திலேயே ஓடுகிறது. துன்ஹிந்தையில் விழுந்து, மகாவலியில் கலந்து, திருகோணமலைப் பக்கம் கடலைச் சேர்கிறது. அதில் இறங்கக் கட்டணமில்லை. ஆகவேதான் யாரும் இறங்குவதில்லை போலும். நம் ஆய்வுக்குட்பட்டோர் வெலிமடை, நுவரெலியா, தலவாக்கலை, அட்டன் என்று மலையேறி இறங்கி, மேற்கே ஓடும் ஆற்றைத் தேடிப் போகிறார்கள்.

பருவமும் இதற்கு ஒத்தாசை. ஆடி, ஆவணியில் தெமோதரை இருக்கும் ஊவாவில் வறண்ட கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறுவது அப்போதுதான். அதே காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டுத்தான் இங்கே வருகிறது. காய்ந்த கொழுந்துக்கு வெளிநாட்டில் விலை; காய்ந்த இளைஞனுக்குக் கித்துல்கலையில் விலை.

3. வரலாறு

தெமோதரைக்கும் களனிக்கும் உள்ள உறவு வேனால் வந்ததல்ல. 1924இல் பதுளை வரை வந்த ரயில் பாதை, தெமோதரை நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைகிறது. செங்குத்தான இறக்கத்தை ரயில் தாங்காது என்பதால் செய்த வேலை இது. தலைப்பாவை அவிழ்த்துக் கட்டிய ஒரு கங்காணியைப் பார்த்தபோதுதான் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவுக்கு இந்த யோசனை வந்தது என்பது செவிவழிக் கதை. யோசனைக்காகக் கங்காணிக்கு ஏதும் கிடைத்ததா என்பது பற்றிக் கதையில் பேச்சில்லை.

அதே விமலசுரேந்திரதான் 1918இல், களனியின் மேற்கிளைகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை படித்தவர். இன்று காசல்ரி நீர்த்தேக்கத்துத் தண்ணீர் அவர் பெயர் தாங்கிய நிலையத்திலும், பழைய லக்சபானையிலும், பொல்பிட்டியவிலும் டர்பைன்களைச் சுழற்றிவிட்டுத்தான் கித்துல்கலைக்கு இறங்குகிறது. மேலே எவ்வளவு திறக்கிறார்களோ, கீழே படகுக்கு அவ்வளவு வேகம். நம் பையன்களின் முகத்தில் அறைவது மூன்று முறை சம்பாதித்து முடித்த தண்ணீர். நான்காவது சம்பாத்தியத்துக்கு அவர்கள் முகம் வேண்டியிருக்கிறது.

4. முறையியல்

மாதிரி: ஒரு வேன் கொள்ளும் நண்பர்கள். கட்டுப்பாட்டுக் குழு: வேன் சாரதி. அவர் ஆற்றில் இறங்க மறுத்ததால் அறிவியலுக்கு வசதியாயிற்று.

5. கண்டறிதல்கள்

(அ) துடுப்பு நீரில் இறங்கும் ஆழமும் வாயிலிருந்து வரும் சத்தமும் எதிர்விகிதத்தில் உள்ளன. "ஃபோர்வர்ட்" என்று வழிகாட்டி கத்தியதும் உண்மையில் வலிப்பவர்கள் முன்னால் இருக்கும் இருவர். நடுவில் இருப்பவன் துடுப்பால் காற்றைக் கிழித்துக்கொண்டு, "வலிங்கடா! வலிங்கடா!" என்று ஊக்குவிப்பான். புகைப்படத்தில் மிக வீரமாக இருப்பவனும் அவனே.

(ஆ) பாதுகாப்பு அங்கியின் வார்களை வழிகாட்டி வந்து இறுக்கும்போது, "மூச்சு முட்டுது" என்று தளர்த்தச் சொன்னவன், முதல் பாறையைக் கண்டதும் இரு கையாலும் அதே வாரை நெஞ்சோடு பிடித்துக்கொள்வான். துடுப்பு அப்போது யாரிடம் இருக்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

(இ) தீர்மானமான சான்று கரையில் கிடைத்தது. சொட்டச் சொட்ட வேனை நோக்கி நடக்கையில் மழை தூறியது. அத்தனை பேரும் உள்ளங்கையால் தலையை மூடிக்கொண்டு ஓடினார்கள். ஒருவன், "தடிமன் புடிச்சிரும் மச்சான்" என்று எச்சரித்ததும் பதிவாகியுள்ளது. ஆக, மனிதன் அஞ்சுவது தண்ணீருக்கல்ல, இலவசத் தண்ணீருக்கு.

6. விவாதம்

நனைபவன் ஒருவன், சம்பாதிப்பவன் இன்னொருவன் என்பதே இத்துறையின் அடிப்படை விதி. கொழுந்து மலையில் நனைந்தவருக்கு நாட்கூலி. லாபம் நனையாத இடத்துக்குப் போனது. ஆற்றிலும் அதுவே. ஒரே வித்தியாசம், மலையில் நனைந்தவர் கூலியாவது வாங்கினார்; ஆற்றில் நனைந்தவர் கூலியும் கொடுக்கிறார். நாகரிகம் வளர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

இவ்விதியைக் கட்டுப்பாட்டுக் குழு ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. நண்பர்கள் ஆற்றில் இருந்த நேரத்தில் சாரதி ரொட்டிப் பார்சலையும் கட்டச் சம்பலையும் முடித்து, ஒரு தூக்கமும் போட்டிருந்தார். ஈரக் காற்சட்டையோடு ஏறியவர்களை நிறுத்தி, "தம்பி, சீட் நனைஞ்சா தனிக் காசு" என்றார். அனைவரும் செலுத்தினர்.

7. பரிந்துரை

மேலாய்வு அவசியம். அடுத்த பயணத்தில் இவ்வாய்வாளர் சாரதி ஆசனத்திலிருந்து தரவு சேகரிக்க முன்வந்துள்ளார். வேன் ஓட்ட லைசன்ஸ் இல்லை என்பதைத் தவிர ஆய்வுக்கு வேறு தடை எதுவுமில்லை.