துணிக்கடை நேர்காணலில் நன்னூல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

‘ஆட்கள் தேவை’ என்னும் இருசொல் இலக்கியத்துக்கு இதுவரை எவரும் உரை எழுதவில்லை. ஆடிக்கும் தீபாவளிக்கும் நடுவே தியாகராய நகரில் கடைக்குக் கடை கண்ணாடிக் கதவில் ஒட்டப்படும் இப்படைப்பின் ஆசிரியர் யாரென்று தெரியவில்லை; காலம் மட்டும் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவு: சீசன். ‘முன் அனுபவம் தேவையில்லை, உணவு தங்குமிடம் இலவசம், நேரில் வரவும்’ என்று அதற்கொரு பின்குறிப்பும் உண்டு. அதை நம்பி நேரில் போனவர்களில் அடியேனும் ஒருவன். ஆகவே கள ஆய்வு என்று தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

முதலில் ஆயத்தம். வேலை தேடுபவனுக்குப் படைக்கலம் பயோடேட்டா என்பர் கற்றோர். அது பொருந்தாது. உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் ஃபைல்தான் படைக்கலம். மார்க் ஷீட், டி.சி., ஆதார் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஆகியன அதனுள் அடங்கும். போட்டோவில் இருப்பவர் ஸ்டுடியோக்காரரின் கோட்டை அணிந்து, நம்மைவிட இரண்டு சுற்று சிவந்து காணப்படுவார். பயோடேட்டா என்பது ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பது. பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். எங்கள் ஊரில் வேலை தேடும் அத்தனை பேருக்கும் பொழுதுபோக்கு ‘புத்தகம் வாசித்தல், கிரிக்கெட்’ என்றே இருப்பதன் காரணம் இதுவே. என்னுடையதில் ‘திருமணமானவர்’ என்றும் இருந்தது. எனக்கு முன் வந்தவரின் இல்லறத்தை அழிக்க மறந்துவிட்டார்கள். பஸ் ஏறிய பிறகுதான் கவனித்தேன்.

கைகுலுக்குதல் பற்றித் தன்னம்பிக்கை நூல்கள் நிறையச் சொல்கின்றன. மேலாளரின் ஒரு கையில் போனும் மறு கையில் டீயும் இருந்தமையால் அப்பகுதியை ஆராய வாய்ப்புக் கிட்டவில்லை.

இனி மையப் பொருள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் தம் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்துவைத்தார். நம் பிள்ளைகள் அதை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு மண்டபத்தின் வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அது நேர்காணலுக்கான கையேடு என்பதே இக்கட்டுரையின் துணிபு.

‘எது வரைக்கும் படிச்சிருக்கே?’ என்பார் மேலாளர், மார்க் ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டே. விடை தெரிந்தே கேட்பதால் இது அறிவினா. ‘சீசன் முடியற வரைக்கும் இருப்பியா, பாதியில ஓடிருவியா?’ என்பது ஐயவினா. ‘தங்க இடம் இருக்கா?’ என்பதில்தான் சிக்கல். இல்லையென்றால் தருவார்போல் தோன்றுவதால் மேலோட்டமாகப் பார்ப்பவர் இதைக் கொடைவினா என்று மயங்குவர். விடுதியில் தங்குகிறவனை ஷட்டர் இறக்கும் வரை கடையில் வைத்துக்கொள்ளலாம் என்பதால், இது கொளல்வினாவே. ‘நாளைக்கே வர முடியுமா?’ என்பது ஏவல்வினா. இதில் உரையாசிரியர்களுக்குள் பிணக்கு இல்லை.

விடைகளுக்கு வருவோம். ‘வர்றேன் சார்’ என்னும் நேர்விடை ஒன்றே பாதுகாப்பானது. மறைவிடை சொன்னவர் வரிசையிலிருந்தே மறைந்துபோவார். வினாவுக்கு வினாவும் விடையாகும் என்று தொல்காப்பியரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தத் துணிச்சலில் என் முன்னால் நின்றவர், ‘சம்பளம் எவ்வளவு சார்?’ என்று எதிர்வினா தொடுத்தார். மேலாளர் தொல்காப்பியம் படித்திருக்கவில்லை. ‘போன் பண்றோம்’ என்று அனுப்பிவிட்டார். அனுபவமில்லாதவனுக்கு உற்ற துணை இனமொழி விடை. ‘பில் போடத் தெரியுமா?’ ‘பேக்கிங் நல்லாப் பண்ணுவேன் சார்.’ கேட்டது ஒன்று, சொன்னது வேறொன்று, இருந்தும் தலையாட்டிவிடுகிறார்கள்.

எஞ்சியவற்றுள் இரண்டு தனிக் கவனத்துக்குரியன: உற்றது உரைத்தல், உறுவது கூறல். நேர்ந்ததைச் சொல்வது முன்னது. நேரப்போவதைச் சொல்வது பின்னது. பள்ளிப் பாடநூல் இரண்டுக்குமே கால்வலியைத்தான் காட்டாகத் தருகிறது. துணிக்கடையை மனத்தில் வைத்தே அதை எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் அங்கே நேர்காணலின் உயிர்நிலையான வினா, ‘நாள் பூரா நிக்கணும், நிப்பியா?’ என்பதே. படிப்பு, அனுபவம், நன்னடத்தை எல்லாம் இதற்கு முன் வரும் கடவுள் வாழ்த்து.

இதில் சட்டமும் தலையிட்டிருக்கிறது. கேரளத்துத் துணிக்கடைப் பெண்கள் போராடியதன் பயனாக 2018இல் அங்கே ‘உட்காரும் உரிமை’ வந்தது. 2021இல் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. உட்காருவதற்கு ஒரு மனிதனுக்குச் சட்டப் பிரிவு தேவைப்படும் என்பதைப் பவணந்தியார் எதிர்பார்த்திருக்கமாட்டார். நான் போன கடையிலும் ஸ்டூல்கள் இருந்தன. அவற்றின் மேல் நைட்டி பண்டல்கள் வசதியாக அமர்ந்திருந்தன.

உயிர்நிலை வினா எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் வந்தது.

“நாள் பூரா நிக்கணும்மா. நிப்பியா?”

“காலையிலருந்து நின்னுக்கிட்டுத்தானே சார் இருக்கோம்?”

இதை எட்டில் எதில் அடக்குவது? உற்றதும் இருக்கிறது, உறுவதும் இருக்கிறது, எதிர்வினாவும் இருக்கிறது. ஒன்பதாவதாக ஒரு வகையை வகுக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், மேலாளர் டீயைக் கீழே வைத்துவிட்டு, “நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துரும்மா, சுடிதார் செக்‌ஷன்” என்றார்.

பிறகு என் ஃபைலைப் புரட்டினார். “கல்யாணம் ஆயிருச்சா? அப்ப பொறுப்பா இருப்பே. மூணாவது மாடி, போர்வை.”

“ஆமா சார்” என்று நேர்விடை அளித்தேன்.