எள் இல்லாத எண்ணெய்

காரைக்குடியில் விருந்தாளியிடம் "சுடுதண்ணி வேணுமா?" என்று ஆச்சி கேட்டால் யாரும் திகைப்பதில்லை. தண்ணீர் என்றாலே குளிர்ந்த நீர்தான். கொதிக்க வைத்த பிறகும் பெயரை மாற்ற மனசு வருவதில்லை. எண்ணெய் கதை இன்னும் மோசம். எள்ளின் நெய்தான் எண்ணெய். நாமோ கடலை எண்ணெயில் வெள்ளைப் பணியாரம் சுடுகிறோம். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் வரிசை கட்டினோம். பெயரை ஊரே எடுத்துக்கொண்டதால், பெற்ற எள்ளுக்கு 'நல்லெண்ணெய்' என்று நற்சான்று ஒட்ட வேண்டியதாயிற்று. காலடியில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான்: சிமெண்ட், மணல், சாயம் எல்லாம் உண்டு, வெட்டிய கல்தான் கிடையாது. ஆட்களை எண்ணுவதிலும் சொல் இப்படித்தான் விளையாடும்: இந்த ஊர்ச் செட்டியார்களான நகரத்தார் கணக்கில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரே 'புள்ளி'. கல்யாணமாகாத பையன் ஆறடி வளர்ந்தாலும் புள்ளியாக மாட்டான். அதனால் அவன் கோயிலுக்குப் புள்ளி வரியும் கட்ட வேண்டாம்.