துரத்தியவர்கள் பின்னாலேயே வந்த கதை

அசர் தொழுதுவிட்டுக் கல்முனை பஜாருக்குள் இறங்கினால் நடக்க இடம் கிடைக்காது. பிரதான வீதி மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் ஓடுகிற பஸ்ஸுக்குச் சொந்தம். ஓரம் ஆட்டோவுக்கு. மிச்சம், கடை வாசலில் தொங்குகிற மருதமுனைச் சாரன்களுக்கு. இந்த நெரிசலுக்கு யார் பொறுப்பென்று கேட்டால், நான் போர்த்துக்கேயரைத்தான் காட்டுவேன்.

வியாபாரத்தில் போட்டி தாங்காமல் 1626இல் தங்கள் ஆட்சிக்குள் இருந்த முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள் அவர்கள். கண்டி அரசன் செனரத் அதற்கென்ன என்று வரவேற்று, 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினானாம். எழுதிவைத்தவர் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ். இந்தக் கரையில் முஸ்லிம்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். அப்போது கூட்டம் கூடியது, அவ்வளவுதான். துரத்தியவர்களுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. 1628இல் பின்னாலேயே வந்து மட்டக்களப்புப் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். கடைசியில் அந்தக் கோட்டை நெடுங்காலம் கச்சேரியாகக் கிடந்து, கையெழுத்துக்கு அலைகிற சனம் வரிசையில் நிற்கத்தான் உதவியது.

எந்தத் தளபதிக்கும் வராத கெட்டித்தனம் இங்குள்ள பெண்களுக்கு இருந்தது. குடிவழி தாய்வழி, வீடு பெண்ணுக்கு, கட்டினவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போகவேண்டும். கல்லாவில் இருந்து பொடியன்களை அதட்டுகிற முதலாளியைக் கடை பூட்டுகிற நேரம் பாருங்கள். எருமைத் தயிர் முட்டியை, வாய் கட்டிய கடதாசி நனையாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போவார். யாருடைய வீட்டுக்கு?

அரசியலிலும் இதே சங்கதிதான். கேற் முதலியார் எம்.எஸ். காரியப்பர் 1956இல் தமிழரசுக் கட்சியில் கேட்டுக் கல்முனையை வென்றார். பிறகு அரசாங்கப் பக்கம் போய்விட்டார். ஊர் பெரிதாக அதிர்ச்சியடைந்திருக்காது. வீடு மாறுவது இங்குள்ள ஆண்களுக்குப் புதிதா என்ன?

வீட்டைப் பிரிக்கிற கதையும் உண்டு. கல்முனையிலிருந்து பிரித்துச் சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது. சந்தோசப்பட்டு முடியுமுன், அதே மாதத்தில் நிறுத்திவைத்துவிட்டார்கள். போர்த்துக்கேயருக்காவது 10 வருசம் கிடைத்தது.

நீங்கள் வருவதென்றால் வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், கடைகள் பூட்டியிருக்கும். அசருக்குப் பிறகு வாருங்கள். சாரனுக்கு விலை கேட்டால் கடைக்காரக் காக்கா முதலில் ஊர் வரலாறு சொல்வார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் சொன்ன விலையில் அரைவாசியிலிருந்து பேசத் தொடங்குங்கள்.