ஷூவுக்கு வயசாவட்டும்

வாடா பேராண்டி, உக்காரு. உக்காந்தா எழுந்திரிக்க முடியாதா? சரி, திண்ணையப் புடிச்சிக்கிட்டு நின்னபடியே கேளு.

ஞாயித்துக்கெழம காலையில கச்சிராயபாளையத்துலருந்து கோமுகி அணைப் பக்கமா நீ ஓடனத ஊரே பாத்துச்சு. போறப்ப கரும்பு ஏத்தப் போன காலி டிராக்டர முந்திக்கிட்டுப் போன. வர்றப்ப ஆலைக்குப் போற லோடு டிராக்டர்ல, டிரைவர் பக்கத்துல ஒட்டிக்கிட்டு வந்த. கேட்டவங்களுக்கெல்லாம் "தூரத்து ஓட்டப் பயிற்சி"ன்னு சொன்னியாம். தூரம் சரிதான், ஓடனது யாருன்னுதான் டிரைவரு சந்தேகப்படறாரு.

கையில கட்டியிருக்கற கடியாரம் நெஞ்சு எப்பிடி அடிக்குதுன்னு சொல்லுதாமே. அதுக்கு எதுக்குடா கடியாரம்? அத வாங்கன பில்ல உங்கப்பன் பாத்தப்ப அடிச்சது தெருவுக்கே கேட்டுச்சு.

ஓடாதன்னு நான் சொல்லல. மூணு மாசச் சக்கர டெஸ்ட்டுல டாக்டரு ஒன்ன எல்லையில நிக்க வெச்சிருக்காரு, எந்தப் பக்கம் தாண்டறன்றது ஒன் சமத்து. ஆனா சீக்கிரமா விட்டுடணும்னு ஆசையிருந்தா அதுக்கு நீ புடிச்ச வழிதான் சரியான வழி. மொதல்ல ஊரக் கூட்டி, ஜனவரியில சென்னை மாரத்தான்ல 42 கிலோமீட்டர் ஓடப்போறன்னு சொல்லு. மறுநாளே நாய் தொரத்தன மாதிரி ஓடு. அடுத்த நாளு முட்டி வலிச்சாலும் வுடாம ஓடு. ஓடி முடிச்சதும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டாண்ட ரெண்டு பரோட்டாவ சால்னாவுல ஊறவெச்சு உள்ள தள்ளு. ஒன் எடைக்கு அஞ்சு கிலோமீட்டர் ஓடுனா சுமாரா நானூறு கலோரி போவும். அந்த ரெண்டு பரோட்டா அதத் திருப்பிக் குடுத்துட்டு, மேல வட்டியும் போடும். பத்தே நாள்ல ஷூ பரணுக்குப் போயிடும்.

வுடாம ஓடன மனுசன் எப்பிடி ஓடனாருன்னு கேக்கறியா? 2021-ல மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு அமைச்சரா வந்த மா. சுப்பிரமணியனப் பாரு. கட்சிய ஓரமா வெச்சிடு, நான் கால மட்டும் பேசறன். ஏற்கெனவே சக்கர. 2004-ல வண்டி விபத்துல முட்டி ஒடஞ்சு போச்சு. இனிமே ஓட்டம் கீட்டம்லாம் ஆவாதுன்னு சொன்னாங்க. நாமளா இருந்தா அந்த டாக்டரு சீட்ட லேமினேட் பண்ணி, வேல சொல்றப்பெல்லாம் எடுத்துக் காட்டியிருப்போம். அவுரு அம்பது தாண்டனப்புறம் நடையில ஆரம்பிச்சு, மெதுவோட்டத்துக்கு வந்து, 21 கிலோமீட்டர் அரை மாரத்தான நூறு தடவைக்கு மேல முடிச்சிட்டாரு. 'ஓடலாம் வாங்க'ன்னு புத்தகமே போட்டாரு. ஒனக்கு என்ன ஒடஞ்சிச்சு? சோபாவோட காலுதான்.

அந்த "மெதுவா"ன்ற எடத்துலதான் ஒன்ன மாதிரி ஆளுங்க கவுந்துடறீங்க. மூச்சு சமத்துப் புள்ள, சில வாரத்துல சொன்னபடி கேக்கும். எலும்பும் தசைநாரும் அப்பிடியில்ல, மாசக்கணக்கா எடுத்துக்கும். மூச்சு பழகிடுச்சேன்னு நீ வேகத்தக் கூட்டறப்பதான் கணுக்கால்லயும் கெண்டைக்கால்லயும் புடிச்சுக்கும். அதனால ரெண்டு நிமிசம் நட, ஒரு நிமிசம் ஓடு. அவமானம்னு நெனைக்காத, காலையில அஞ்சர மணிக்கு ஒன்னப் பாக்கறதுக்குப் பால்காரன வுட்டா யாரும் இல்ல. ஓடறப்ப பேச முடியணும், பாட முடியக் கூடாது, அதான் சரியான வேகமாம். ஒன் பாட்டு எப்பவுமே ஓடாதுன்னு ஊருக்குத் தெரியும், அதனால பேச்ச மட்டும் வெச்சுப் பாத்துக்க.

தெனமும் ஓடணும்னும் இல்ல. வாரத்துக்கு எழுவத்தஞ்சு நிமிசம் நல்லா மூச்சு வாங்க ஓடு, இல்லாட்டி நூத்தம்பது நிமிசம் வெரசா நடன்னு உலகச் சுகாதார நிறுவனமே பேரம் பேசிக் கொறச்சுதான் வெச்சிருக்கு. ஆனா சேந்தாப்புல ரெண்டு நாளுக்கு மேல சும்மா இருக்காத. ஓடற தச ரத்தத்துலருந்து சக்கரய இழுத்துக்கும், அந்தக் குணம் ஒன்னு ரெண்டு நாளுதான் நிக்கும். போன தீவாளிக்கு ஓடனத இந்தத் தீவாளி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தா சக்கரைக்குக் காது கேக்காது. ஆங், சக்கரைக்கு மாத்திர போடற ஒன் கூட்டாளியையும் இழுத்துக்கிட்டுப் போறியாமே. அவன டாக்டருகிட்டக் கேட்டுட்டு வரச் சொல்லு. ஜோபியில நாலு முட்டாயும் இருக்கட்டும். ஓடறப்ப சக்கர ரொம்ப எறங்கிட்டா நின்ன எடத்துல மயங்கிடுவான், அப்பறம் நீதான் தூக்கணும்.

கல்வராயன் மலையில இருக்கற வெள்ளிமலக்காரங்கள்லாம் ஓடாமயே நல்லா இல்லையான்னு கேப்ப. அந்தக் காலத்துல அவங்க ஆரோக்கியத்துக்காவா நடந்தாங்க? ரோடு கெடயாது, நடந்தாங்க. கடுக்காயும் தேனும் சாமையும் தலையில தூக்கிக்கிட்டு எறங்கி, உப்பும் துணியும் தூக்கிக்கிட்டு ஏறுனாங்க. ஒடம்பு முடியாதவங்கள டோலி கட்டித் தூக்கியாந்தாங்க. அத நோவாம ஒக்காந்துக்கிட்டுப் பெருமையாப் பேசறது கீழ்நாட்டான் வேல. இப்ப அந்த மலையிலயும் பல ஊருக்குத் தார்ரோடு, பைக்கு. சக்கர மாத்திரயும் அதே ரோட்டுல ஏறிப் போயிக்கிட்டுதான் இருக்கு. நீ அந்த மேட்டுல ஓடறத இந்த வருசம் நெனச்சும் பாக்காத. ஏர்றப்ப மூச்சு போவும், எறங்கறப்ப முட்டி போவும்.

தாத்தா நீ ஏன் ஓடலன்னு வாயத் தொறக்காத, அதுக்கும் பதிலு இருக்கு. பஞ்சாப்ல பொறந்து லண்டன்ல ஓடன ஃபௌஜா சிங்குன்னு ஒரு கெழவரு. பொண்டாட்டியயும் புள்ளயயும் பறிகொடுத்த துக்கத்துல எண்பதுக்கு மேல ஓடக் கெளம்பனவரு. 2000-ல மொத மாரத்தான் ஓடறப்ப 89 வயசு. 2011-ல டொரண்டோவுல 100 வயசுல எட்டு மணிநேரத்துச் சொச்சத்துல ஓடி முடிச்சாரு. பொறந்த சர்ட்டிபிகேட் இல்லன்னு கின்னஸ்காரன் ஏத்துக்கல. எங்கிட்டயும் அது இல்ல. ஏத்துக்காத எடத்துல நான் எதுக்கு ஓடி நோவணும்?

சிரிக்காத. 114-ன்னு சொல்லிக்கிட்டிருந்த வயசுல, 2025 ஜூலையில, அந்த மனுசன வாரிக்கிட்டுப் போனது சக்கரயும் இல்ல, நெஞ்சுவலியும் இல்ல. சொந்த ஊரு ரோட்டக் கடக்கறப்ப மோதன காரு. நம்ம ரோட்டுல கரும்பு டிராக்டருக்குப் பின்னாடி லைட்டு எரிஞ்சு எந்தக் காலத்துல பாத்த? எதுக்கால வர்ற வண்டிய மூஞ்சி பாக்கற மாதிரி வலது பக்கம் ஓடு. வெளுப்புச் சட்டயப் போடு. காதுல மாட்டற பாட்டுக் குழாய வீட்டுல வெச்சிட்டுப் போ.

அப்பறம் அந்தக் கடைசி வூட்டுச் செவல நாயி. அது வந்தா ஓடாத, நில்லு. கல்லு இருக்குதோ இல்லியோ, குனிஞ்சு எடுக்கற மாதிரி பண்ணு. அப்பிடியே அத மொறைக்காம, முதுகையும் காட்டாம பின்னாடி நகரு. ஒரு மாசம் நான் சொன்ன வேகத்துல ஓடிப் பாரு, இவனயெல்லாம் தொரத்தனா நம்ம மானம் என்னாவறதுன்னு அதுவே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்துக்கும்.