பெட்டி கிரில்லின் இலக்கணம்: ஐரோலிக் கூரை, ஜன்னல்கள் குறித்த ஓர் ஆய்வு

ஜன்னல் என்பது காற்றும் வெளிச்சமும் உள்ளே வருவதற்காகச் சுவரில் விடும் திறப்பு. நவி மும்பையின் ஐரோலியில் அது வீட்டுச் சாமான்கள் வெளியே போகும் வழியுமாகும். பழந்தமிழ் இதைக் காலதர் என்றது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இன்று வழங்கும் ஜன்னல் என்ற சொல் போர்த்துக்கீசியர் தந்தது. அவர்கள் 1739 வரை வசாயில் கோட்டை கட்டி ஆண்டும், இந்தப் பக்கத்து மராத்தியர் கிட்கி என்றே சொல்கிறார்கள். போர்த்துக்கீசியச் சொல்லை இங்கே காப்பாற்றி வைத்திருப்பது ஐரோலித் தமிழர்கள்தான்.

கூரை என்பது மழையைத் தடுப்பது. அது தடுக்காதபோது அதன் மேல் போடும் தகரக் கூரைக்குப் பத்ரா என்று பெயர். பத்ராவும் ஒழுகினால் மேலே விரிப்பது தாட்பத்ரி. மூன்றும் சேர்ந்ததே ஐரோலி வீட்டின் முழுமையான கூரை.

நிலமும் காலமும்

1970-இல் தொடங்கப்பட்ட நகரமைப்பு நிறுவனமான சிட்கோ, நவி மும்பையின் பல செக்டார்களில் ஒரே அச்சில் வார்த்தாற்போல் வீடுகளைக் கட்டியது. ஒரு வீட்டை இன்னொன்றிலிருந்து பிரித்தறியும் பொறுப்பைக் குடியிருப்போர் தாமே ஏற்றனர். அதன் விளைவே பெட்டி கிரில். சுவரோடு ஒட்டிக் கிடந்த கம்பி, ஒன்றரை அடியோ இரண்டடியோ வெளியே வளர்ந்து, தரையும் தலையும் பெற்ற நிலை இது. நன்கு வளர்ந்த ஒரு பெட்டி கிரில்லில் இடமிருந்து வலமாகக் காணக்கூடியவை: துளசித் தொட்டி, காய்ந்த கறிவேப்பிலைச் செடி, கைப்பிடி போன குக்கர், பிள்ளைக்குச் சிறியதாகிவிட்ட மூன்று சக்கர சைக்கிள், அதன் மேல் முறத்தில் வடாம்.

பத்ராவின் தோற்றத்துக்குக் காரணம் மழை. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த நாளை நினைவில் வைத்திருக்கும் வீடுகளில் பத்ராவுக்கு வேறு நியாயம் தேவைப்படுவதில்லை.

மூலநூல்

இத்துறையின் மூலநூல், 1966-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர மண்டல, நகரத் திட்டமிடல் சட்டம். அதன் 43-ஆம் பிரிவின்படி எந்தக் கட்டுமானத்துக்கும் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். ஐரோலியில் அதை வழங்குவது, 1992 ஜனவரி 1 முதல் இயங்கும் நவி மும்பை மாநகராட்சி. வீட்டின் உட்புறத்தை மட்டும் தொடும் வேலைக்கும், வெளித்தோற்றத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றாத வேலைக்கும் விலக்கு உண்டு.

தேசியக் கட்டட விதித்தொகுப்பும் விலக்குகளைப் பட்டியலிடுகிறது: அதே உயரத்தில் கூரையைப் புதுப்பித்தல், பூச்சு வேலை, 75 சென்டிமீட்டருக்கு மிகாமல் சொந்த நிலத்துக்குள் சஜ்ஜா என்ற வெயில் மறைப்பு, ஒன்றரை மீட்டருக்கு மிகாத கைப்பிடிச் சுவர். ஜன்னலைத் திறக்கவோ மூடவோ அனுமதி வேண்டாம். ஆனால் அது அடுத்தவர் இடத்தையோ பொதுச் சாலையையோ பார்க்கக் கூடாது. இவை இரண்டையும் பாராத ஜன்னலை ஐரோலியில் கண்டறிவது தனி ஆய்வுக்குரியது.

உரை மரபுகள்

‘குறிப்பிடத்தக்க அளவு’ என்ற தொடருக்கு ஐரோலியில் மூன்று உரைகள் வழங்குகின்றன.

முதலாவது சுவர்வாதம். சுவருக்கு வெளியே ஓர் அங்குலம் வந்தாலும் தோற்றம் மாறிவிட்டது என்பது இதன் கொள்கை. அதிகாரிகளிடமும் எதிர் வீட்டுக்காரரிடமும் செல்வாக்குள்ளது.

இரண்டாவது ஒப்புவாதம். மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் பெட்டி கிரில் இருக்க, நடுவில் ஒரு வீடு மட்டும் இல்லாமலிருப்பதே கட்டடத்தின் தோற்றத்தைக் கெடுக்கிறது என்று இது வாதிடும். வெல்டர்கள் யாவரும் இம்மரபினர்.

மூன்றாவது பருவவாதம். பத்ரா மழைக்கு மட்டுமே, தற்காலிகமானது என்பது இதன் அடிப்படை. மே மாதம் நட்ட கம்பத்தை அக்டோபரில் கழற்ற வேண்டும். ஆனால் அடுத்த மே மாதம் எப்படியும் நட வேண்டியதுதானே என்பதால் கழற்றுவதில்லை.

பருவவாதத்துக்கு ஒரு கணக்கும் துணை நிற்கிறது. விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில் வராவிட்டால், திட்டம் விதிகளுக்கு உட்பட்டிருக்குமானால், அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலம் 122 நாள். முதல் துளி விழுந்த அன்று விண்ணப்பித்தவர், மழையில் பாதியை வாளி வைத்துப் பிடித்த பிறகே சட்டப்படி நனையாமல் இருக்கலாம்.

ஒப்பீட்டுக்கு மும்பையின் தாராவியைக் கொள்ளலாம். அங்கே வீடுகள் பக்கவாட்டில் வளர இடமில்லாததால் போட்மாளா என்ற பரண்வழி மேலே வளர்ந்தன. 14 அடி என்பது உயர வரம்பு. ஐரோலியில் உயரம் வளர வழியில்லாத அடுக்கு வீடுகள் பக்கவாட்டில் வளர்ந்தன. திசைதான் வேறு.

முடிவு

அதே திறப்பில் பழைய மரக் கதவை எடுத்துவிட்டு ஸ்லைடிங் ஜன்னல் போடுவதற்கு மாநகராட்சி அனுமதி வேண்டாம். அதே உயரத்தில் கூரை ஓடுகளையும் தகரத்தையும் மாற்றுவதற்கும் வேண்டாம். திறப்பைப் பெரிதாக்குதல், வெளியே பெட்டி நீட்டுதல், மொட்டை மாடியில் நிலையான பத்ரா போடுதல் ஆகியவற்றுக்கு வேண்டும். அடுக்கு வீடாயின் சொசைட்டி கமிட்டியின் எழுத்து மூலச் சம்மதம் எதற்கும் முதற்படி. மீறுவோர்க்குச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 53-ஆம் பிரிவு இடிக்கச் சொல்கிறது.

எந்த உரை மரபைச் சேர்ந்தவராயினும் ஒன்று செய்ய வேண்டும்: கிரில்லில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்குத் திறக்கும் கதவு வைத்து, அதன் சாவியைக் கைக்கெட்டும் ஆணியில் மாட்டி வைக்க வேண்டும். தீப்பிடித்தால் ஜன்னல் மறுபடி ஒரு வழியாக இருந்தாக வேண்டும்.